ஏர் பறவை ஆய்வகத்தில் மூன்று மாதக் குடித்தனம்: தாமதமான ஒரு மதிப்புரை

பக்கத்துக் கடை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடை என்றால் காக்கிள்பிடி ரோட்ஹவுஸ்: டீசல், தங்க அறை, சூடாகச் சாப்பாடு. ஊர் என்று சொல்லும்படி ஒன்று வேண்டுமென்றால் அங்கிருந்து மேற்கே நார்ஸ்மன் வரை இன்னும் 438 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், அது உங்களுக்கான இடம் இல்லை.

2019-ல் ஜூலை தொடங்கி செப்டம்பர் முடிய, நானும் எங்க வீட்டுக்காரரும் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கிற அந்த ஆய்வகத்தில் காப்பாளர்களாக இருந்தோம். சம்பளம் கிடையாது, தன்னார்வ வேலை. அன்றிலிருந்து பெர்த்தில் எங்கள் வட்டத்தில் யார் ரிட்டையர் ஆனாலும் "அக்கா, அந்தப் பறவை பங்களா எப்படி?" என்று ஃபோன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது பாதி புரியாது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இவர் சுரங்க எலக்ட்ரீஷியன். இரண்டு வாரம் வடக்கே பில்பராவில் சுரங்க சைட்டில், ஒரு வாரம் வீட்டில் என்று இருபது வருஷம் விமானத்தில் போய் வந்தவர். கல்யாணமாகி முப்பது வருஷமானாலும், சேர்ந்தாற்போல மூன்று மாதம் ஒரே கூரைக்குக் கீழே நாங்கள் இருந்ததே இல்லை. அவர் ரிட்டையரான ஆறாவது வாரமே, பாத்திரம் கழுவுகிற வரிசையிலிருந்து எல்லாவற்றிலும் சண்டை. அந்த நேரத்தில்தான் பறவை பார்க்கிற தோழி ஒருத்தி இந்தக் காப்பாளர் வேலையைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் ஒத்துப்போகாத இரண்டு பேர் ஆளில்லாக் காட்டில் போய் ஒத்துப்போவார்களா என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பெர்த்திலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், இரண்டு நாள் பயணம். பாலடோனியா ரோட்ஹவுஸைத் தாண்டியதும் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத ரோடு. ஸ்டீயரிங்குக்கு வேலையே இல்லை, பேச்சுக்கும் விஷயம் தீர்ந்துவிடும். அடுத்த ரோட்ஹவுஸான கைகுனாவைக் கடந்தால் கடிகாரத்தை முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அரசாங்க முத்திரை இல்லாத நேரம் அது, நெடுஞ்சாலை ஓரத்து ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. இந்த முக்கால் மணி என்னைப் பிறகு படுத்திய பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

காக்கிள்பிடிக்குக் கிழக்கே நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் கல்லுப் பாதை, அப்புறம் செங்குத்துச் சரிவின் விளிம்பு. அங்கே வண்டியை நிறுத்திக் கட்டாயம் இறங்கிப் பாருங்கள். காலுக்குக் கீழே மல்லீ மரக்காடு பச்சையாக விரிந்து கிடக்கும், அதற்கு அப்பால் வெள்ளை மணல்மேடு, அதற்கும் அப்பால் தென்கடல். சரிவில் இறங்கினால் மணல்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் நடக்காது, டயரில் காற்றையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

'ஏர்' என்றதும் கலப்பையை நினைத்துக்கொள்ளாதீர்கள். எட்வர்ட் ஜான் ஏர் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. 1841-ல் இந்தக் கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தவர். தாகத்தில் சாகக் கிடந்தபோது இங்கே மணல்மேட்டில் தோண்டித்தான் தண்ணீர் எடுத்தார். இந்தக் கரையின் பூர்வகுடிகள் அதே மாதிரி மணலில் கிணறு தோண்டிக் காலங்காலமாக வாழ்ந்தவர்கள். எனக்கு வேதாரண்யம் பக்கம். உப்புக் கடலுக்குப் பத்தடி தள்ளி மணலைக் கையால் பறித்து, கொட்டாங்கச்சியால் நல்ல தண்ணீர் மொண்டு குடித்து வளர்ந்தவள். கடல் பக்கத்தில் நல்ல தண்ணீரா என்று வந்த விருந்தாளிகள் ஆச்சரியப்பட்டபோதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மற்றபடி ஏர் உழுத மண் இல்லை அது. உழவும் முடியாது.

அந்தத் தண்ணீரை நம்பித்தான் 1877-ல் தந்தி நிலையம் வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவையும் தெற்கு ஆஸ்திரேலியாவையும் இணைத்த தந்திக் கம்பி இந்தக் கரை வழியாகப் போயிற்று. வழியில் களைத்துப்போகிற செய்தியை வாங்கி மறுபடி அனுப்புவதுதான் இங்கிருந்தவர்கள் வேலை. இப்போது நிற்கிற கல்வீடு 1897-ல் கட்டியது. 1927-ல் கம்பி ரயில் பாதையோரம் மாறிப் போனதும் வீடு அநாதையாயிற்று. ஐம்பது வருஷம் கழித்து, 1977-ல், பறவை ஆர்வலர் சங்கம் அதைச் சீர்படுத்தி ஆய்வகம் ஆக்கியது. ஆஸ்திரேலியாவில் முதல் பறவை ஆய்வகம் அதுதான். சங்கம் 1901-ல் தொடங்கியது, இன்றைக்கு பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா என்று பெயர்.

வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறையே இல்லை. சுற்றிலும் அகலமான தாழ்வாரம். திண்ணை மாதிரி உட்கார்ந்து கால் நீட்டலாம். கனத்த கல்சுவர். ஒரு நூலக அறை. மின்சாரம் சூரியனிடமிருந்து, தண்ணீர் கூரையில் விழுகிற மழையிலிருந்து. இந்த இரண்டும் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டியவை என்பது முதல் வாரத்திலேயே உறைத்துவிடும். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிற ஆள் என்றால் இரண்டாம் நாளே மாறிவிடுவீர்கள். இவர் பேட்டரி மீட்டர் முன்னால் தினமும் கால் மணி நேரம் நின்று ரசிப்பார், சாமி அறையில்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கைபேசிக்கு சிக்னல் கிடையாது. அதைக் குறையாகச் சொல்கிறவர்களும் உண்டு, வரமாகச் சொல்கிறவர்களும் உண்டு. என் தங்கையின் ஃபோன் வராத மூன்று மாதம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

வேலை என்ன? பெயர்தான் பறவை ஆய்வகம், முக்கால்வாசி நேரம் வீட்டு வேலை. மணல் பெருக்குவது. படுக்கை விரிப்பு மாற்றுவது. கழிப்பறை கழுவுவது. பெருக்கின மணல் மாலைக்குள் திரும்பி வந்துவிடும். விருந்தாளிகள் வந்தால் அவர்களைக் கவனிப்பது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "நாள் பூரா பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பீங்களா?" என்று கேட்பார்கள். பைனாகுலரைத் துடைக்கக்கூட நேரம் இல்லாத நாட்கள் இருந்தன. பறவை பார்க்கத்தான் போகிறேன் என்கிறவர்கள் விருந்தாளியாகப் போங்கள், காப்பாளராகப் போகாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

எனக்குப் பிடித்தது காலை வானிலை அளவுதான். வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானி: ஒன்று வெறுமனே, ஒன்று ஈரத்துணி சுற்றியது. மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர், காற்று எந்தத் திசை, வானத்தில் மேகம் எவ்வளவு. மேகத்தை எட்டுப் பங்காகப் பிரித்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் பொறுப்பை ஒப்படைத்தவர்கள் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டில் ஒன்று அரைக்கால், இரண்டு கால், மூன்று காலே அரைக்கால், ஐந்து அரையே அரைக்கால்... எங்கள் தாத்தா நெல் அளக்கிறபோது சொன்ன கணக்கு. அது வானத்துக்கும் பொருந்தும் என்று ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்தது.

சண்டை ஆரம்பித்ததும் அங்கேதான். நான் காலே அரைக்கால் என்பேன், இவர் அரை என்பார். நான் பதினோரு சில்வர்ஐ எண்ணினால் இவர் பதினான்கு எண்ணியிருப்பார். சில்வர்ஐ யாரென்றால் நம் ஊர் வெள்ளைக்கண்ணிக்குப் பங்காளி, கண்ணைச் சுற்றி அதே வெள்ளை வளையம். ஒரு நிமிஷம் ஒரு கிளையில் நிற்காது, எண்ணுகிறவருக்குத் தலை சுற்றும். பறவைக் கணக்கெடுப்புக்கு முறை இருக்கிறது: இரண்டு ஹெக்டேர் இடம், இருபது நிமிஷம், பார்த்ததும் கேட்டதும் எல்லாம் குறிக்க வேண்டும். முறை எல்லாம் சரி, ஆனால் பதிவேட்டில் ஒரு கட்டத்தில் ஒரு எண்தான் போட முடியும். உங்களது ஒன்று என்னுடையது ஒன்று என்று இரண்டு எழுத இடமில்லை. வீட்டுச் சண்டையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். இங்கே முடியாது. நாளைக்கு யாரோ ஒரு ஆராய்ச்சியாளர் அந்த எண்ணை எடுத்துக் கணக்குப் போடுவார்.

முதல் வாரம் எழுதுகிறவர் எண்ணே எண் என்று இருந்தது. பேனா இவர் கையில். இரண்டாம் வாரம் நான் பேனாவை ஒளித்து வைத்தேன், சின்னப்பிள்ளை மாதிரி. அப்புறம் ஒரு வழி தானாக வந்தது: தனித்தனியாக எண்ணி, ஒருவருக்கொருவர் காட்டாமல் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் பேசாமல் மறுபடி எண்ண வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சந்தேகமான மாதிரிக்கு நாங்கள் செய்கிறதுதான், இரண்டு கண் தனித்தனியாகப் பார்ப்பது. அதைப் புருஷனிடம் செய்து பார்க்க இத்தனை வருஷம் தோன்றவில்லை எனக்கு. இன்னொன்றும் தெரிந்தது: அவருக்குக் கண் கூர்மை, எனக்குக் காது. புதருக்குள் கேட்கிற குரல் எல்லாம் என் கணக்கு, பறக்கிறது எல்லாம் அவர் கணக்கு.

வீட்டுக்கு முன்னால் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய காட்சி இதுதான், ஆனால் காசு இல்லாமல் தாழ்வாரத்திலிருந்தே பார்க்கலாம். நியூ ஹாலந்து தேனுண்ணிகள் கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு முண்டுகிற உறவுக்காரர்கள் மாதிரி. மற்றவரை விடாது, தாமும் நிம்மதியாகக் குடிக்காது. பிரான்ஸ்விங் புறாக்கள் பொழுது சாய்ந்தபின் தயங்கித் தயங்கி வரும். பிங்க் காக்கட்டூ வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கும். இளஞ்சிவப்பு உடம்பு, கொண்டையை விரித்தால் சிவப்பும் மஞ்சளும் பட்டைப் பட்டையாக இருக்கும். நாங்கள் இருந்தபோது அதை மேஜர் மிட்செல் காக்கட்டூ என்றுதான் எல்லாரும் சொல்வோம். அந்த மிட்செல் நாடு அளக்கப் போன ஆங்கிலேய அதிகாரி; அவர் கூட்டத்து ஆட்கள் பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்றவர்கள் என்பதால் 2023-ல் பேர்ட்லைஃப் அந்தப் பெயரை விட்டுவிட்டது. நல்லது. பறவைக்கு அந்த ஆள் பெயர் எதற்கு?

மல்லீஃபவுல் என்று ஒரு காட்டுக்கோழி. இவருக்கு அதன்மேல் தனிப் பிரியம், காரணம் பின்னால் புரிந்தது. சேவல் மணலையும் சருகையும் குவித்து ஒரு பெரிய மேடு கட்டும். அந்தச் சருகு மக்குகிற சூட்டிலும் வெயிலிலும்தான் முட்டை பொரிய வேண்டும். சேவல் அலகை மண்ணில் விட்டுச் சூடு பார்த்து, முப்பத்துமூன்று டிகிரி பக்கத்தில் நிற்கும்படி மண்ணை ஏற்றும், இறக்கும். வருஷத்தில் முக்கால்வாசி இதே வேலை. பெட்டை வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு தானே மண்ணைக் கிளறி வெளியே வந்து, அப்பன் ஆத்தா முகம் பார்க்காமல் காட்டுக்குள் ஓடிவிடும். பதினைந்தடி தள்ளிப் புதர் மறைவிலிருந்து ஒரு சேவலை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் மெதுவாகச் சொன்னார்: "பாரு, அவனுக்கும் சைட் வேலைதான்." நான் பதில் சொல்லவில்லை. எங்கள் பையன் பேசப் பழகினது, நடந்தது, பல் விழுந்தது எதற்கும் இவர் ஊரில் இல்லை.

சாப்பாடு விஷயம். அரிசி, துவரம்பருப்பு, புளி, வத்தல், மோர்மிளகாய், காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் பெர்த்திலிருந்தே ஏற்றிக்கொண்டு போனேன். காய்கறியில் தாக்குப்பிடிப்பது பூசணி, முட்டைக்கோஸ், உருளை, வெங்காயம். மூன்று மாதத்தில் முட்டைக்கோஸை எத்தனை விதமாகச் செய்யலாம் என்பதில் நான் இப்போது நிபுணி. தயிர்தான் படுத்திவிட்டது. மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் ராத்திரியில் குளிர் அப்படியே குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். விடிகாலையில் புல் மேல் உறைபனி. உறை ஊற்றின பால் காலையிலும் பாலாகவே இருக்கும். கடைசியில் வெந்நீர் பாட்டிலோடு கம்பளிக்குள் சுருட்டி வைத்துத் தோய்த்தேன். ஒரு விருந்தாளி அம்மா, பூப்போட்ட கம்பளிக்குள் எட்டிப் பார்த்து, அடிபட்ட பறவையா என்று கேட்டார்.

விருந்தாளிகளில் பெரும்பாலும் கேரவனோடு நாட்டைச் சுற்றுகிற ஓய்வூதியர்கள், கொஞ்சம் தீவிரப் பறவைக்காரர்கள். பறவைக்காரர்கள் சாம்பாரைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டார்கள், தட்டில் என்ன இருக்கிறதென்றே கவனிக்கமாட்டார்கள். ஓய்வூதியர்கள் மூன்றாவது கரண்டி ரசம் கேட்பார்கள். ஒருமுறை சாதாரணக் காரில் வந்த ஒரு தம்பதியை மேட்டிலிருந்து நாங்கள் இறக்கி வர வேண்டியிருந்தது. இரண்டு மணி என்று பேச்சு. எந்த ஊர் இரண்டு மணி என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அவர்கள் கையில் பெர்த் நேரம். விளிம்பில் காற்று ஆளைத் தூக்குகிறது, இவர் வாய் திறக்காமல் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார், முக்கால் மணி நேரம். பழைய நாளாக இருந்தால் அந்த மௌனத்துக்கு ஒரு வாரம் ஆயுள். அன்றைக்கு இவர் திடீரென்று "அதோ, கழுகு" என்று கையை நீட்டினார். ஆப்புவால் கழுகு, விளிம்புக் காற்றில் சிறகு அசைக்காமல் எங்களுக்குக் கீழே மிதக்கிறது. கழுகின் முதுகை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போகிறவர்களுக்கு ஒரு பொருள் விஷயமாக எச்சரிக்கை. டயருக்குக் காற்றடிக்கிற சின்ன கம்ப்ரசரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். நாங்கள் பெர்த்தில் ஒரு கடையில் தள்ளுபடியில் வாங்கினது மூன்றாவது டயரில் இருமி, நாலாவது டயரில் உயிரை விட்டது. திரும்பி வந்து கேட்டதற்கு "மணல் உள்ளே போயிருக்கிறது, வாரண்டி செல்லாது" என்றார்கள். மணலில் ஓட்டுகிறவர்களுக்கென்று விற்கிற சாமான் அது. கடை பெயர் வேண்டாம், எந்தக் கடையானாலும் எடை கனமானதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடற்கரை வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆள் கால்தடம் இல்லாத மணல். ஹூடட் ப்ளோவர் என்ற சின்னப் பறவை அங்கே திறந்த மணலிலேயே முட்டையிடும். பார்த்துக் கால் வைக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில், கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, அலை ஓரத்தில் வெள்ளையாக ஒரு கூட்டம் ஓடுகிறது. அலை வந்தால் கரைக்கு ஓட்டம், அலை போனால் பின்னாலேயே துரத்தல். சாண்டர்லிங். வட துருவத்துக்குப் பக்கத்தில் முட்டை பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் உலகத்தின் பாதி தூரம் பறந்து வருகிறவை. இதே இனத்தின் இன்னொரு கூட்டம் இதே பருவத்தில் எங்கள் கோடிக்கரைக்கும் வரும். சின்ன வயதில் உள்ளான் என்று மொத்தமாகச் சொல்லி, பின்னால் ஓடியிருக்கிறேன். பிடிபட்டதே இல்லை. இவரிடம் சொன்னேன். "நீ ஓடினியா?" என்று சிரித்தார். இருபத்துமூன்று என்று நான் எழுதினேன். சீட்டைத் திருப்பினால் அவரும் இருபத்துமூன்று.

யார் போகலாம்? உடம்பில் தெம்பு வேண்டும், சமையல் தெரிய வேண்டும், இருவரில் ஒருவருக்காவது பைப்பும் ஒயரும் பழுது பார்க்கத் தெரிந்தால் நிம்மதி. மணலில் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டு போங்கள். மாத்திரை, மருந்து தேவைக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள்; ஆஸ்பத்திரி என்பது மிகத் தூரத்துச் சமாசாரம். பறவை நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் போகும்போது காகத்துக்கும், காகம் மாதிரியே இருக்கிற கரவாங்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஈ தொல்லை இருக்கிறது, வெயில் ஏற ஏற முகத்தை மொய்க்கும், வலைத் தொப்பி வாங்கிவிடுங்கள். நடைமுறைகள் நாங்கள் இருந்ததற்குப் பிறகு மாறியிருக்கலாம், விருந்தாளியோ காப்பாளரோ, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தனியாக இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்கிறவர்கள் ஒரு வாரம் விருந்தாளியாகத் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மறுபடி போவீர்களா என்று கேட்கிறார்கள். இவர் முழங்கால் ஒப்புக்கொண்டால் போவோம்.

இன்று காலை காபியோடு பால்கனியில் நின்றோம். வானத்தைப் பார்த்துவிட்டு இவர் அரை என்றார். எனக்கு அது காலே அரைக்கால்தான். சீட்டு எடுக்க உள்ளே போனேன்.